முதலில் அசைவது இடுப்பு

கோபம் வந்தால் எனக்கு முகம் சிவக்காது, குரல் உயராது. உள்ளே வைத்துக்கொள்வேன். என் வீட்டுக்காரர், "நீ திட்டிட்டாகூட பரவால்ல, சும்மா இருந்தாதான் பயமா இருக்கு" என்பார். அவர் சொல்வது சரி. நான் சும்மா இருந்ததால் ஒரு மனிதர் கடலூரை விட்டே போக நேர்ந்தது. அதில் எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. விஷயம் அவரோடு நின்றிருந்தால் இதை எழுதியிருக்கவும் மாட்டேன்.

கோல்ஃப் மைதானத்தை நான் நேரில் பார்த்ததில்லை. எங்கள் பக்கத்தில் அப்படி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டதும் இல்லை. ஆனால் உலகத்துப் பெரிய ஆட்டக்காரர்கள் மட்டையை எப்படி ஓங்குகிறார்கள், எந்த இடத்தில் எந்த மூட்டு திரும்புகிறது என்று கேளுங்கள், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நான்கு வருஷமாக அதுதான் என் பிழைப்பு.

மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். அறுபது பேர், முக்கால்வாசி பெண்கள். தொழில்முறை ஆட்டக்காரர்கள் பந்தை அடிக்கும் வீடியோ வரும். ஒரு நொடியை இருநூற்று நாற்பது படங்களாக வெட்டியிருப்பார்கள். ஒவ்வொரு படத்திலும் தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முட்டி என்று பதினேழு இடங்களில் புள்ளி வைக்க வேண்டும். மட்டை பின்னால் போகத் தொடங்குவது எந்தப் படம், உச்சிக்குப் போவது எந்தப் படம், பந்தில் படுவது எந்தப் படம் என்றும் குறிக்க வேண்டும். நாங்கள் வைக்கும் புள்ளிகளைப் பார்த்துக் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளும். பிறகு எங்கோ ஒரு பணக்காரர் தன் போனில் தன் வீச்சைப் படம் பிடித்தால், 'உங்கள் முழங்கை விலகுகிறது' என்று அது அவருக்குப் புத்தி சொல்லும். அந்தப் புத்தி சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி வருகிற என்னுடையது என்று அவருக்குத் தெரியப்போவதில்லை.

ஆட்டக்காரர்களின் பெயர் எங்களுக்குச் சொல்லப்படாது. முகத்தை மறைத்து எண் கொடுத்திருப்பார்கள். பெயர் இல்லாவிட்டால் என்ன, உடம்பு தெரியுமே. எண் பதினாறு உச்சியில் ஒரு கணம் நின்றுவிடுவார், பர்ஸை எடுத்துக்கொண்டோமா என்று யோசிப்பவர்போல. எண் இருபத்தேழு வலது முழங்கையை விலாவோடு ஒட்டியே கீழே இறக்குவார். எண் நாற்பத்தொன்று ஒல்லியான பெண், என் எடைகூட இருக்கமாட்டாள். பந்தில் படுவதற்குச் சற்று முன்னால் மடங்கியிருந்த இடது முட்டியை நேராக்கித் தரையை ஓர் உதை உதைப்பாள். பலம் அங்கேயிருந்துதான் கிளம்பும். இவர்களோடு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் இருந்ததில், தெருவில் நடப்பவர்களையும் மூட்டு மூட்டாகப் பார்க்கும் வியாதி வந்துவிட்டது.

எங்களுக்குப் பெரிய தலைவலியாக இருந்தது உச்சிதான். மட்டை பின்னால் போவதை நிறுத்தி முன்னால் திரும்புகிற படம் உச்சி என்று வழிகாட்டியில் எழுதியிருந்தது. எழுதுவது சுலபம். மட்டையின் நுனி மங்கலாகத் தெரியும், பாதி நேரம் தலைக்குப் பின்னால் மறைந்துவிடும். ஒரே வீச்சுக்கு நான் ஒரு படத்தைச் சொல்வேன், பக்கத்து சீட்டுக்காரி பத்துப் படம் தள்ளிச் சொல்வாள். வாரம் தவறாமல் வேலை திரும்பி வந்தது.

அந்தப் பக்கத்து சீட்டுக்காரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கடலூர் முதுநகர்ப் பெண், என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். காலையில் சிதம்பரத்தில் பஸ் ஏறியதும் பக்கத்தில் என் கைப்பையை வைத்து அவளுக்கு இடம் பிடிப்பேன். முதுநகரில் ஏறி, பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவாள். அலுவலகம் போய்ச் சேருவதற்குள் இரண்டு வீட்டுக் கதையும் பேசி முடித்துவிடுவோம். கண் கூர்மையான பெண். நான் தவறாக வைத்த புள்ளியை நான் பார்ப்பதற்கு முன்பே பார்த்துவிடுவாள்.

உச்சியின் சூட்சுமம் எனக்கு ஒரு திங்கட்கிழமை பிடிபட்டது. எண் நாற்பத்தொன்றை முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டிருந்தேன். மட்டை இன்னும் பின்னால் போய்க்கொண்டிருக்கிறது, அதற்குள் அவளுடைய இடது இடுப்பு இலக்குப் பக்கம் நகர ஆரம்பித்துவிட்டது. மற்றவர்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாருக்கும் அப்படியே. கை மேலே போகும்போதே இடுப்பு திரும்பிவிடுகிறது, கை கடைசியில்தான் வருகிறது. இதை என் உடம்பு ஏற்கெனவே அறியும். பிறந்தது குமராட்சிப் பக்கம். கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறி வயல் சேறான வருஷங்களில் அறுவடை இயந்திரம் உள்ளே இறங்காது. கையால்தான் கதிர் அடிக்க வேண்டும். முதல் நாள் தோளால் ஓங்கி ஓங்கி அடித்துவிட்டு, மறுநாள் தலை வாரக் கையைத் தூக்க முடியாமல் கிடந்திருக்கிறேன். மூன்றாம் நாள் உடம்பு தானே வழி கண்டுபிடித்தது. கட்டு தலைக்கு மேலே போகும்போதே இடுப்பைத் திருப்பிவிட்டால் கட்டு தானாக வந்து கல்லில் விழும்.

நோட்டில் தேதி போட்டு எழுதினேன். 'மட்டையைப் பார்க்காதே. இடது இடுப்பைப் பார். அது இலக்குப் பக்கம் கிளம்பும் படம்தான் உச்சி.' அன்று மாலைக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன்.

எங்கள் டீம் லீடர் கோல்ஃபை வீடியோவில் பார்த்துக் கற்றவர். ஒரு மட்டையை வாங்கித் தன் அறையில் சாத்தி வைத்திருப்பார். மதியச் சாப்பாட்டு வேளையில் மொட்டைமாடியில் பச்சை விரிப்பைப் போட்டுப் பிளாஸ்டிக் பந்தை அடிப்பார். தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து சாப்பிடும் நாங்கள் பார்ப்போம். தோளால் அடிக்கிற ஆள். இடுப்பு சிமெண்டில் நட்டதுபோல் நிற்கும்.

அவர் கேட்டார், "இத எங்க படிச்சீங்க மேடம்?"

"படிக்கல சார். ஊர்ல கதிர் அடிச்சிருக்கேன். அதே கணக்குதான்."

அவர் சிரித்தார். அறுபது பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "குமராட்சியிலேருந்து நமக்கு கோல்ஃப் கோச் வந்திருக்காங்க. எல்லாரும் கை தட்டுங்க."

தட்டினார்கள். சிலர் பயந்து தட்டினார்கள், சிலர் சந்தோஷமாகவே தட்டினார்கள். முதுநகர்க்காரி மட்டும் கையை மடியிலேயே வைத்திருந்தாள். நான் உட்கார்ந்தேன். அந்தக் கைதட்டல் பஸ்ஸில் வீடு வரைக்கும் காதில் கேட்டது. இப்போதும் கேட்கிறது, பொய் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு மெயில் வந்தது. எங்களுக்கு வேலை கொடுக்கும் நிறுவனத்தின் சார்பில் பெங்களூரில் ஒருவர் இருந்தார். டீம் லீடர் அவருக்கு எழுதி, அதன் நகலை எங்கள் எல்லாருக்கும் அனுப்பியிருந்தார். இனி உச்சியை இடது இடுப்பைக் கொண்டு குறிக்க வேண்டும், இது தன் நீண்ட ஆராய்ச்சியின் முடிவு என்று இருந்தது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. திரும்பி வருகிற வேலை பாதியாகக் குறைந்தது, பெங்களூர்க்காரர் பாராட்டினார், அலுவலகத்தில் கேக் வெட்டினோம். என் பங்கை டீம் லீடரே கொண்டுவந்து கொடுத்தார்.

"சாப்பிடுங்க மேடம், இதுல ஸ்வீட் ஜாஸ்தி இல்ல."

சாப்பிட்டேன். ஒரு துண்டும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு, பேப்பர் தட்டை அவர் அறைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன். இந்த ஆளை விடக்கூடாது என்று அப்போது முடிவு செய்தேன். எப்படி என்று தெரியவில்லை. காத்திருக்கத் தெரியும்.

அடுத்து வந்த பேட்ச்சில் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அது முழுவதும் சின்ன அடிகள். குழிக்கு இருபது முப்பது அடி தூரத்தில் நின்றுகொண்டு பந்தைத் தட்டி அனுப்புவார்களே, அவை. பார்த்த முதல் மணி நேரத்திலேயே தெரிந்துவிட்டது, என் விதி இதற்குப் பொருந்தாது. சின்ன அடியில் இடுப்பு முன்னால் போவதில்லை. கையும் இடுப்பும் சேர்ந்தே போகின்றன, சிலருக்கு இடுப்பு அசைவதே இல்லை. இல்லாத அசைவைத் தேடினால் ஆளுக்கொரு படத்தில் கண்ட இடத்தில் உச்சி வைப்பார்கள். நோட்டை எடுத்து, பழைய பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் செவ்வாய்க்கிழமைத் தேதி போட்டு எழுதினேன். 'சின்ன அடிக்கு இடுப்பு விதி கூடாது. மட்டையைத்தான் பார்க்க வேண்டும்.'

எழுதிவிட்டு எழுந்தேன். உண்மையாகவே சொல்லத்தான் போனேன், நான்கு வருஷப் பழக்கம். அவர் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். "நான் கண்டுபிடிச்ச ரூல்தான் இப்ப கம்பெனி ஃபுல்லா ஓடுது மச்சான். சும்மா இல்ல, ஆறு மாசம் ஒக்காந்து பாத்தது."

திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் முதுநகர்க்காரி என் பக்கம் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள். "அக்கா, இந்தச் சின்ன அடியில இடுப்பே அசையலியே. உச்சிய எங்கதான் வைக்கிறது?"

அவளுக்கு அப்போது பதில் சொல்லியிருக்கலாம். "கைடுல என்னா போட்டிருக்கோ அதையே வையி" என்றேன். அவள் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு நாற்காலியை உருட்டிக்கொண்டு போனாள். வெள்ளிக்கிழமை மொத்தப் பேட்ச்சும் போய்ச் சேர்ந்தது. ஒரு கண் போனாலும் பரவாயில்லை, எதிரிக்கு இரண்டு கண்ணும் போகட்டும் என்பார்களே, அந்த நிம்மதியோடு நான் பஸ்ஸில் தூங்கினேன். போவது யாருடைய கண் என்று யோசிக்கவே இல்லை.

பத்து நாளில் பெங்களூர்க்காரர் காரில் வந்து இறங்கினார். நல்ல தமிழ் பேசுகிற, அமைதியான மனிதர். எல்லாரையும் கூட்டி உட்காரவைத்து, திரையில் ஒரே வீச்சுக்கு எட்டு பேர் எட்டு உச்சி வைத்திருப்பதைக் காட்டினார். மொத்தமும் குப்பை, மூன்று வாரத்துக்குள் திருப்பிச் செய்யவில்லையென்றால் வேலை வேறு ஊருக்குப் போய்விடும் என்றார். பிறகு டீம் லீடரைப் பார்த்து, "இடுப்ப வச்சுக் குறிக்கிறது உங்க ரூல்தானே?" என்று கேட்டார்.

டீம் லீடர் எழுந்து நின்றார். எனக்கு அவர் வாய் தெரியவில்லை. தோள்தான் தெரிந்தது. வலது தோள் என் பக்கமாகத் திரும்பியபோதே புரிந்துவிட்டது.

"என்னோடது இல்ல சார். அதோ அவுங்க சொன்னது. வயல்ல கதிர் அடிக்கிற கணக்குல சொன்னாங்க. நான் நம்பிட்டேன்."

மூன்று மாதமாக நான் கேட்க ஏங்கிய வார்த்தை. அறுபது பேர் முன்னால், அவர் வாயால், அது என் விதி. தப்பாய்ப் போன பிறகு எனக்கே எனக்கு என்று தூக்கிக் கொடுத்துவிட்டார்.

இல்லை சார், மெயிலில் அவர் பெயர்தானே இருக்கிறது என்று கையை விரித்திருந்தாலே போதும், அவர் கதை அன்றோடு முடிந்திருக்கும். என்னால் முடியவில்லை. நான் பெற்றதை நான் பெறவில்லை என்று எப்படிச் சொல்வது? "ஆமா சார், என்னோடதுதான்" என்றேன். "ஆனா முழுசா சொல்லல அவரு." பையிலிருந்து நோட்டை எடுத்தேன்.

இடது பக்கத்தில் விதி. அதன் மேலே இருந்த தேதி டீம் லீடரின் மெயிலுக்கு இரண்டு வாரம் முந்தியது. அது அவர் திருடியதற்குச் சாட்சி. வலது பக்கத்தில் விலக்கு. அது என் விதியில் குறையில்லை என்பதற்குச் சாட்சி. இடது பக்கத்தை மட்டும் காட்டினால் பழி என் தலையில் விழும், ஆகவே இரண்டையும் காட்டியாக வேண்டும். வலது பக்கத்தின் மேலேயும் ஒரு தேதி இருந்தது. பேட்ச் போவதற்கு மூன்று நாள் முந்தைய தேதி. அதன்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டு நோட்டை நீட்டினேன்.

பெங்களூர்க்காரர் இரண்டு பக்கத்தையும் படித்தார். "இத அவர்கிட்ட சொன்னீங்களா?"

"அவரு சொன்னா கேக்குற ஆளா சார்? மொதல் தடவ சொன்னப்பவே கை தட்ட வச்சாரு. இவுங்க எல்லாரும் பாத்தாங்க."

ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கை தட்டிய அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். டீம் லீடர், "சின்ன அடியப் பத்தி எங்கிட்ட சொல்லவே இல்ல சார்" என்றார். எனக்குத் தெரிந்து அந்த அலுவலகத்தில் அவர் சொன்ன முதல் உண்மை அது. யாரும் நம்பவில்லை. அந்த நிமிஷத்தில் எனக்கு உண்டான சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். என் இரண்டு பிரசவத்திலும் அப்படி ஒரு லேசான உடம்பு எனக்கு வாய்க்கவில்லை.

பெங்களூர்க்காரர் நோட்டை என் கையிலிருந்து வாங்கி மேஜைமேல் விரித்து, போனில் படம் எடுத்தார். கட்டைவிரலை என்ன செய்வது? எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரமே டீம் லீடரைச் சென்னைக் கிளைக்கு மாற்றி, புள்ளி வைக்கிற வேலையில் உட்கார வைத்தார்கள். போகிற அவசரத்தில் கோல்ஃப் மட்டையை விட்டுவிட்டுப் போனார். அவர் அறை எனக்குக் கிடைத்தது. மட்டை சாத்திய இடத்திலேயே இருக்கிறது, அதில் என் சாப்பாட்டுப் பையை மாட்டுகிறேன்.

திருத்தும் வேலை தொடங்கியது. மூன்று வாரம், ஞாயிறும் சேர்த்து. யாருக்கும் லீவு கிடையாது என்று பெங்களூரிலிருந்து உத்தரவு, கீழே கையெழுத்து என்னுடையது. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை முதுநகர்க்காரியின் மகளுக்குப் புதுநன்மை, மாதா கோயிலில் முதல்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். நான்காம் வகுப்புப் படிக்கிற பெண். வெள்ளை கவுன், தலைக்குப் பூக்கிரீடம், மெழுகுவத்தி எல்லாம் வாங்கியதைப் பஸ்ஸில் ஒவ்வொன்றாக எனக்குச் சொல்லியிருக்கிறாள். லீவு கேட்டு என் அறைக்கு வந்து நின்றாள். பூசை ஏழரைக்கு என்றாள்.

"பூசைக்குப் போயிட்டு பத்து மணிக்கு வந்துடு. ஒனக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க" என்றேன். சரி என்று தலையாட்டினாள்.

பூசை நீண்டுவிட்டதாம். கோயில் படியில் குடும்பத்தோடு படம் எடுப்பதற்கு முன்பே ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள். பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை, அப்படியே உட்கார்ந்து சின்ன அடிகளுக்குப் புள்ளி வைத்தாள். வந்ததும் எல்லாருக்கும் கேக் கொடுத்தாள், எனக்குப் பெரிய துண்டு.

புதிய வழிகாட்டியைப் பெங்களூரிலிருந்து அனுப்பியிருந்தார்கள். கடைசிப் பக்கத்தில், இந்த விதி எங்கிருந்து வந்தது என்று பெருமையாக என் நோட்டின் படத்தைப் போட்டிருந்தார்கள். அறுபது பேரும் பார்த்தார்கள், அக்கா கையெழுத்து அழகா இருக்கு என்றார்கள். மாலை நாலு மணிக்கு அவள் என் அறைக்கு வந்தாள். கதவைச் சாத்தினாள்.

"அக்கா, சின்ன அடியப் பத்தி இத எப்ப எழுதுனீங்க?"

"எப்பயோ எழுதுனது. பேட்ச் திரும்பி வந்தப்ப இருக்கும்."

"தேதி போட்டிருக்கே. செவ்வாக்கிழம. நான் ஒங்கள வந்து கேட்டது மறுநாளு, புதங்கிழம." அவள் குரல் உயரவில்லை. "கைடுல இருக்கிறத வையின்னு சொன்னீங்க."

"அந்த ஆளுக்காக அப்பிடிச் செஞ்சேன். ஒங்களுக்காக இல்ல. அவன் எனக்குச் செஞ்சது ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும். அன்னைக்கு நான் கை தட்டல." புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். "அவரு மெட்ராஸ் போயிட்டாரு அக்கா. நாங்கதான இங்க ஒக்காந்திருக்கோம்."

போய்விட்டாள். யாரிடமும் அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். மறுநாள் முதுநகரில் அவள் பஸ் ஏறவில்லை. பின்னால் வந்த டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள். அதிலிருந்து தினமும் அப்படித்தான். ஒரு மாதம்வரை என் பையைப் பக்கத்து இடத்திலேயே வைத்துக்கொண்டு போனேன். பிறகு நிற்பவர்கள் கேட்க ஆரம்பித்ததும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

இப்போது புது விதி எழுதுவது என் வேலை. சென்ற வாரம் மணல் குழியிலிருந்து அடிக்கும் அடிகளுக்கு எழுதி எல்லாருக்கும் அனுப்பினேன். தவறு இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தேன். என் அறைக் கண்ணாடி வழியாக அவள் திரையும் முதுகும் தெரியும். மெதுவாகப் படித்துக்கொண்டே வந்தாள். மூன்றாம் விதியில் அவள் கை நின்றது. இடுப்பு நாற்காலியில் என் பக்கமாகத் திரும்பியது, கால் ஒன்று எழுந்திருக்கத் தரையில் ஊன்றியது. பிறகு இடுப்பு பழையபடி நேராகத் திரும்பிக்கொண்டது. ஒரு நிமிஷத்தில் என் திரையில் அவள் பதில் வந்தது. 'ஓகே மேடம்.'

மூன்றாம் விதியை அன்று முழுவதும் படித்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை பேட்ச் போக வேண்டும்.